துருவின் பிடியில் ஒரு மோரிஸ் மைனர்

1948-ஆம் ஆண்டு லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, பிரிட்டிஷ் கார்களுள் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதலில் எட்டிய கீர்த்தியைப் பெற்ற மோரிஸ் மைனரை இங்கிலாந்திலும் இலங்கையிலும் இன்றும் சாலைகளில் காணலாம். ஆனால், கொட்டகையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, ஜீர்ணோத்தாரணத்துக்கென்று வெளியே இழுக்கப்படும் மைனர்களுள் சில, ஹாண்டிலைப் போட்டு எத்தகைய பலசாலி திருகினாலும் இம்மியும் அசைந்து கொடுப்பதில்லை. எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்று பட்டறையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானதுதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஒரு சிலிண்டரில் காற்றை உள்ளிழுக்கும் வால்வும் மற்றொன்றில் புகையை வெளித்தள்ளும் வால்வும் திறந்தே இருக்குமாதலால், கார்புரேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் ஈரக்காற்று பிரவேசித்து, வார்ப்பிரும்பாலான சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்குகளையும் துருவினால் பிணைத்துவிடுகிறது. ஆக, பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றிரண்டு ரிங்குகள். நகர மறுப்பதோ எஞ்சின் முழுவதும்.

பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களில் டீசலையோ, அசிட்டோனும் ஆட்டோமாட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் கலந்த கலவையையோ ஊற்றிப் பொறுமையுடன் ஊறவிடுவது பூர்வாங்கச் சிகிச்சை. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றுமென்பதால் அருகே பீடி கூடாது. பிறகு கிராங்குத் தண்டை ஒரே திசையில் முறுக்காமல், முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். காரை கியரில் போட்டு வேறொரு வண்டியில் கட்டி இழுப்பவர்களின் அவசரத்தை என்னால் மன்னிக்கவே முடிவதில்லை. கனெக்டிங் ராடு வளைந்தபின் துருவைக் கரைத்து என்ன பிரயோஜனம்?

எண்ணெயால் இளகாவிட்டால் சிலர் மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டேயிருப்பார்கள். ஹெட்டைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே உத்தமம் என்பது என் கட்சி. ராக்கரையும் புஷ்ராடுகளையும் எடுத்து, நட்டுகளைத் தளர்த்தி, உளியை நுழைத்து நெம்பாமல் ஹெட்டைத் தூக்கினால், எந்தச் சுவரில் செந்நிறப் பட்டை படிந்திருக்கிறதென்று தெரிந்துவிடும். பிஸ்டனுக்கு மேலேயுள்ள அந்தத் துருவை மெல்லிய எமரித் தாளால் அகற்றிய பிறகே, பிஸ்டனின் தலை அளவுக்கு வட்டமாகச் செதுக்கிய கட்டையை வைத்து, சுத்தியலால் நிதானமாகத் தட்ட வேண்டும். 948 சி.சி. எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 62.9 மில்லிமீட்டர்; கட்டை அதற்குச் சற்றே குறைந்திருக்கட்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: முதலும் நான்காவதும் ஒன்றாக ஏறியிறங்கும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக. ஒரு ஜோடி உச்சியில் நின்றால், ராடும் கிராங்கும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துவிடுவதால், அதைத் தட்டுகிற ஒவ்வோர் அடியும் சுழற்சியாக மாறாமல் பேரிங்கிலேயே போய் விழும். பிஸ்டன்கள் நடுவழியில் நிற்பதே அதிர்ஷ்டம்; கிராங்கு எந்தப் பக்கமேனும் திரும்பும்.

அசைந்ததும் பாட்டரியை இணைத்துக் கிளப்பிப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். ஆனால் உதிர்ந்த துரு எண்ணெயோடு சேர்ந்து அடியிலுள்ள சம்ப்பில் தங்கியிருக்கும். அது பேரிங்குகளுக்கு நஞ்சு. சம்ப்பை இறக்கி, பிஸ்டன்களை வெளியே எடுத்து, சுவரில் துரு தின்ற குழிகளை விரல் நகத்தால் தடவிப் பார்த்து அளவெடுக்க வேண்டும். ஆழம் குறைவானால் போர் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது என்று கூடுதல் அளவில் கிடைக்கும் பிஸ்டன்களைப் போடலாம். நாற்பதையும் தாண்டினால் ஸ்லீவ் இறக்குவதுதான் வழி, செலவும் அதற்கேற்ப ஏறும்.