சுபாவங்கள் – 9: பராக்குப் பேர்வழி

போன வாரம் கணக்குப் புலிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்க ரகத்தைப் பத்தி எப்போ எழுதப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டாள். அவள் கேட்ட நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள், பார்த்துக்கொண்டும்தான் இருந்தேன். மேலே படியும் ஆடை சுருங்கி விரிவதைப் பார்த்தால் எந்த நாட்டு வரைபடம் மாதிரி இருக்கிறது என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நார்வேயா, சிலியா என்று முடிவாவதற்குள் பால் அடுப்பை அணைத்துவிட்டது.

இந்த ரகத்தை ஊரில் பராக்கு என்பார்கள். கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று கடைக்காரரையே கேட்கும் ஆள். கோபம் லேசில் வராது. அடுத்தவன் முன்னேறினால் வயிறு எரியாது. யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்". தொல்லை தொடங்குவதே அந்த 'ஆகட்டும்' என்ற சொல்லில்தான்.

இந்தச் சுபாவத்துக்கு உருவம் வேண்டுமென்றால் நான் காட்டுவது ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜை. சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ், 1772இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு பாதிரியார் வீட்டுக் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு லண்டனில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒருநாள் பையன் ஸ்ட்ராண்ட் வீதியில் இரண்டு கையையும் வீசி வீசி நடந்திருக்கிறான். ஒரு கை முன்னால் போன கனவானின் சட்டைப் பையில் பட்டுவிட்டது. பிக்பாக்கெட் என்று அவர் பிடித்துக்கொண்டார். பையன் அழுதபடி சொன்னானாம்: "நான் லியாண்டர், கடலை நீந்திக் கடந்துகொண்டிருந்தேன்." காதலியைப் பார்க்க ராத்திரிதோறும் ஜலசந்தியை நீந்திய கிரேக்கக் கதைநாயகன்தான் லியாண்டர். அசந்துபோன கனவான், அவனுக்கு ஒரு வாடகை நூலகத்தில் சந்தா கட்டிக் கொடுத்தார் என்கிறது அவர் வாழ்க்கை வரலாறு. திருடன் என்று பிடித்தவரையே புரவலராக்கிவிடும் வெள்ளைமனசு! இந்த ரகத்தின் பெரிய சொத்து இது. கடைசிவரை அவருக்குச் சோறு போட்டதும் இதுதான்.

கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கடன் சேர்ந்தது. 1793 டிசம்பரில் பொய்ப்பெயரில் குதிரைப்படையில் சேர்ந்துவிட்டார். குதிரையில் உட்காரத் தெரியாது! மறு ஏப்ரலில் அண்ணன்மார் தலையிட, புத்தி பேதலித்தவர் என்று எழுதி வெளியே விட்டார்கள். அதே வருஷம் நண்பர் சௌதியோடு ஒரு பெருந்திட்டம். பன்னிரண்டு ஆண்களும் பன்னிரண்டு பெண்களும் அமெரிக்காவில் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் குடியேறுவது. சொத்து எல்லாருக்கும் பொது. நாளுக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை, மிச்ச நேரம் படிப்பும் பேச்சும். குடியேறத் துணை வேண்டுமே என்று சௌதிக்கு எடித், இவருக்கு அவள் அக்கா சாரா என்று ஏற்பாடானது. திட்டம் 1795இல் கலைந்தது. கல்யாணம் மட்டும் நடந்தது.

அடுத்து ஒரு பத்திரிகை. முத்திரை வரியைத் தவிர்க்க எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் 'வாட்ச்மேன்'. பத்து இதழோடு நின்றது. ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தவர், வேலைக்காரப் பெண் கணப்பில் கத்தை கத்தையாகக் காகிதம் திணிப்பதைப் பார்த்து, இப்படியா வீணாக்குவது என்று கடிந்துகொண்டார். இது வெறும் வாட்ச்மேன்தானே ஐயா என்றாள் அவள். இந்தக் கதையைப் பின்னாளில் எழுதிவைத்தவரும் அவரேதான். தன் தோல்வியைத் தானே சிரிப்பாக்குவது கணக்குப் புலிகளுக்கு வராது.

பராக்கு என்றால் சோம்பேறி என்று நினைப்பவர்கள் 1797 நவம்பரைப் பார்க்க வேண்டும். ஒரு நடைப்பயணச் செலவுக்குப் பணம் தேற்ற, கவிஞர் நண்பர் வேர்ட்ஸ்வொர்த்தும் இவரும் சேர்ந்து பத்திரிகைக்கு ஒரு பாட்டு எழுதக் கிளம்பினார்கள். அல்பட்ராஸ் பறவையைக் கொல்லும் யோசனை வேர்ட்ஸ்வொர்த்துடையது. பிறகு அவர் ஒதுங்கிக்கொள்ள, நாலு மாதத்தில் கோல்ரிட்ஜ் தனியாக முடித்ததுதான் 'பண்டைய மாலுமி'. கப்பல் அசையாமல் நிற்கும் கடல், உறைபனி, தாகம், எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவர் அதுவரை கடல்பயணமே போனதில்லை. பக்கத்தில் இன்னொருவர் நடந்துகொண்டிருந்தால் இந்த ஆட்கள் முடித்துவிடுவார்கள் என்பது என் அனுபவமும்கூட.

'குப்ளா கான்' கவிதை பிறந்த கதை எல்லாருக்கும் தெரிந்தது. அபின் மயக்கத் தூக்கத்தில் இருநூறு முந்நூறு வரி தோன்றியதாகவும், எழுந்து எழுதும்போது போர்லாக் ஊரிலிருந்து யாரோ வேலையாக வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டதாகவும், அதற்குள் மிச்சம் மறந்துபோனதாகவும் அவரே சொல்கிறார். அந்த ஆள் வந்தாரா என்றே எனக்குச் சந்தேகம். எங்களுக்கெல்லாம் ஒரு போர்லாக்காரர் தேவை. எனக்கு கேஸ் சிலிண்டர் போட வரும் தம்பி.

இதுவரை சிரித்தோம். இனி சாரா பக்கம் போக வேண்டும். 1798 செப்டம்பரில் கோல்ரிட்ஜ் ஜெர்மனிக்குப் படிக்கப் போனார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னவன் பெர்க்லிக்கு நாலு மாதம். அடுத்த பிப்ரவரியில் பெர்க்லி இறந்துபோனான். செய்தி இவரை எட்டியபோது ஏப்ரல். உருக்கமாகக் கடிதங்கள் எழுதினார். மே மாதம் ஹார்ஸ் மலையில் நண்பர்களோடு நடந்தார். வீட்டுப்படி ஏறியது ஜூலையில். அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. வருத்தத்தை மனதுக்குள் முழுசாக அனுபவித்துவிட்டார், அங்கேயே காரியம் முடிந்துவிட்டது அவருக்கு. சாரா பிள்ளையைப் புதைத்துவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தாள். 'அவருக்குச் சூதுவாது தெரியாது' என்று நாம் இந்த ஆட்களை மெச்சும்போது, பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அடுப்பைத் துடைப்பது நானில்லை என்பது இந்த இடத்தில் எனக்கும் உறைக்கிறது.

1816 ஏப்ரலில், அபினை விட முடியாமல், லண்டனை ஒட்டிய ஹைகேட்டில் கில்மன் என்ற டாக்டர் வீட்டுக்குச் சிகிச்சைக்கு வந்தார். ஒரு மாதம் தங்குவதாகப் பேச்சு. கில்மன் அபினை அளந்து கொடுத்தார். இவர் மருந்துக்கடையில் திருட்டுத்தனமாகக் கூடுதலாக வாங்கிக்கொண்டார். ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பாடும் மேசையும் கிடைத்தன, புத்தகங்கள் வெளிவந்தன.

வந்த சில வாரங்களில், 'குப்ளா கா'னோடு சேர்த்து, பதினாறு வருஷமாகப் பாதியில் கிடந்த 'கிறிஸ்டபெல்' கவிதையும் அச்சேறியது. மிச்சமுள்ள மூன்று பாகங்களையும் இந்த வருஷத்துக்குள் எழுதி முடித்துவிட முடியும் என்று முன்னுரையில் நம்பிக்கை தெரிவித்திருந்தார். அதே டாக்டர் குடும்பத்தோடு பதினெட்டு வருஷம் இருந்து 1834இல் இறந்தார். மூன்று பாகங்களும் வரவில்லை.

(அடுத்த வாரம்: முன்கோபிகள்)