காரியாபட்டி முதல் திருச்சுழி வரை: வளையும் சாலையும் அதன் ஓரமும்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் வருகிறவர்களுக்குக் காரியாபட்டி ஒரு பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும். அருப்புக்கோட்டை வரை ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய வேலை அதிகம் இருக்காது. அதே வண்டி காரியாபட்டியில் இறங்கி, திருச்சுழிக்குக் கிராமச் சாலைகள் வழியாகவே போகட்டும். முதல் கண்மாய் வந்ததும் சாலை வளையும். கரை முடிந்ததும் மறுபடி வளையும். எதிரே டிராக்டர் வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும்.

கிராமச் சாலைகளுக்கான இந்திய சாலை காங்கிரஸ் அளவுப்படி தார் போட்ட அகலம் 3.75 மீட்டர். நாளுக்கு 100 மோட்டார் வாகனங்கள்கூடப் போகாத சாலைக்கு 3 மீட்டர் போதும் என்கிறது அதே அளவு. ஒரு பேருந்தின் அகலமே ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அதனால் ஒரு வண்டிக்கு மட்டும் தார், விலகுவதற்கு இருபுறமும் மண் ஓரம் என்றுதான் இந்தச் சாலைகள் போடப்படுகின்றன. ஓரமும் சாலையில் சேர்ந்ததுதான். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

ஏன் இத்தனை வளைவு?

இந்தப் பகுதியின் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். மல்லாங்கிணறு, முடுக்கன்குளம், கோவிலாங்குளம் என்று கிணறும் குளமுமாக இருக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அந்த நீரைப் பிடித்து வைத்த இடத்தில்தான் ஊர் அமைந்தது. கண்மாய்க்கரை நில மட்டத்தை ஒட்டிப் பிறை போல வளைந்து போகும். மழைக்காலத்தில் சேறாகாத மேடு அது ஒன்றுதான். மாடும் வண்டியும் அதன் மேலேயே போய் வந்தன. பிறகு அந்தத் தடத்தில் சரள் கொட்டினார்கள், அதற்குப் பிறகு தார் போட்டார்கள். 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளிலும் பல, பழைய தடத்தின் மேல் போட்டவைதான்.

சில வளைவுகளுக்குக் காரணம் சாமி. வேப்பமரத்தடியில் அய்யனாரோ கருப்பசாமியோ இருந்தால் சாலை ஒதுங்கித்தான் போகும். இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தில் கிளேர் மாவட்டத்தின் லட்டூன் என்ற இடத்தில் 1999-ல் நெடுஞ்சாலை போடும்போது ஒரு முள்மரம் வழியில் நின்றது. அது தேவதைகள் கூடும் மரம் என்று ஊர்க்கதை சொல்பவர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்க, மரத்தை விட்டுவிட்டே சாலை போட்டார்கள்.

அயர்லாந்தின் பேச்சு இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. குறுகலான, வளைந்து வளைந்து போகும் நாட்டுப்புறச் சாலைகளுக்குப் பெயர் போன நாடு அது. அங்குள்ள சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் சாலையில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளூர்ச் சாலைகள். நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் மொழியில் சாலைக்கான சொல் 'போஹர்', பசுவைக் குறிக்கும் 'போ' என்ற சொல்லிலிருந்து வந்தது. மாடு போகும் வழி என்று பொருள். சிறிய சாலைக்குப் பெயர் 'போரீன்'. நடுவே புல் முளைத்த போரீன்களில் இன்றும் டிராக்டர்கள் போய் வருகின்றன. எதிரே வண்டி வந்தால், அருகில் தோட்டத்து வாசல் யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவர் பின்னால் போய் ஒதுங்குவார். கடந்து போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்வார்.

நம் பக்கத்திலும் ஒரு முறை இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி தாரிலேயே நிற்கும், வெறும் வண்டி மண்ணில் இறங்கும். பருத்தித் தாட்டு ஏற்றிய டெம்போவை எந்த பைக்காரரும் இறங்கச் சொல்ல மாட்டார். மழைக்காலத்தில்தான் இந்த முறை சிக்கலாகிவிடுகிறது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு தாரின் அடிவரை போய் ஓரத்தைத் துண்டு துண்டாக உடைக்கிறது. உடைந்த இடத்துக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம் இருந்தால், இறங்கிய இருசக்கர வண்டி மறுபடி ஏறும்போது வழுக்கும். நனைந்த கரிசலில் இறங்கிய வண்டியோ அங்கேயே நின்றுவிடும். தார் புதுப்பிக்கும்போது ஓரத்துக்கும் சரள்மண் கொட்டி இறுக்கினால் இதில் பாதி குறையும். மதிப்பீட்டில் ஓரத்துக்கு இடம் இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே ஊர்க்காரர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

பஞ்சத்தோடு வந்த முள்

காரியாபட்டியைத் தாண்டியதும் இருபுறமும் பச்சைச் சுவர் போலத் தெரிவது சீமைக்கருவேலம். விறகுக்கும் காய்ந்த நிலத்தை மூடுவதற்கும் ஆகும் என்று 1870-களில் இந்த மரத்தின் விதையை வனத்துறை தருவித்தது. சென்னை மாகாணத்தில் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். தாது வருடப் பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போன அதே ஆண்டுகள் அவை. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலை என்று சாலை போடவும் மண் வெட்டவும் ஆட்களை நிறுத்தினார்கள். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டியதுதான். ஒரு நாள் கூலி ஓர் அணாவும் ஒரு பவுண்டு தானியமும் என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தது அந்தக் காலத்தில்தான்.

அயர்லாந்துக்கும் இதே கதை முப்பது ஆண்டு முன்பே நடந்தது. உருளைக்கிழங்கு அழுகல் நோயால் வந்த பஞ்சத்தில், 1847 மார்ச் மாதம் நிவாரணச் சாலை வேலைகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அப்படிப் போட்ட சில சாலைகள் மலைச்சரிவில் பாதியில் நிற்கின்றன. பஞ்சச் சாலை என்றே அவற்றுக்குப் பெயர்.

சீமைக்கருவேலத்துக்கு வருவோம். ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. கண்மாய், ஓடை, சாலை ஓரம் என்று ஆள் கவனிக்காத இடமெல்லாம் அதற்குச் சொந்தமானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளுக்குப் பிறகு 2017-ல் தென்மாவட்டங்களில் பெரிய அளவில் அகற்றினார்கள். வேரோடு எடுக்காத இடங்களில் மறுபடி தழைத்துவிட்டது. அதை முழுக்கப் பகையாகப் பேசுவதும் நியாயமில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டு அடுப்பெரித்த குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஆனால் சாலை வளைவின் உள்பக்கம் அது நிற்கக் கூடாது.

இதற்குக் கணக்கே இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடித்து நிற்க 45 மீட்டர் வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. 60 கிலோமீட்டர் என்றால் 80 மீட்டர். ஒரே வண்டி போகும் அகலமுள்ள சாலையில் எதிரே வருபவருக்கும் அதே தூரம் வேண்டும். ஆக 40-ல் வந்தாலே 90 மீட்டருக்கு எதிர்த்தடம் தெரிய வேண்டும். கண்மாய்க்கரை வளைவில் கருவேலம் மறைக்கும்போது 20 மீட்டர் தெரிந்தால் அதிகம். பள்ளி விடும் நேரத்தில் சைக்கிள் பிள்ளைகள் வருவதும் இதே வளைவுகளில்தான்.

அயர்லாந்தில் வேலி இதைவிட நெருக்கம். இருபுறமும் முள்வேலி, மேற்குப் பக்கம் கல்சுவர். அங்கே மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலியை வெட்டத் தடை உண்டு, பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால். சாலையை மறைக்கும் வேலிக்கு விலக்கு உண்டு. சாலையோர வேலி ஆபத்தாகாமல் பார்ப்பது நிலத்துக்காரர் பொறுப்பு என்று 1993-ம் ஆண்டுச் சாலைச் சட்டம் சொல்கிறது. 2025 பிப்ரவரியில் கிராமச் சாலைகளின் வேக வரம்பை 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். வளைவுகளையெல்லாம் நிமிர்த்தப் போகாமல் வேலியையும் வேகத்தையும் கவனித்தார்கள். கண்மாய்க்கரைச் சாலைக்கும் இதுவே பொருந்தும். கரையை வெட்டி நேராக்கினால் முதலில் போவது கண்மாய்.

கருவேலத்தை எடுக்கும்போது மேலோடு வெட்டினால் அடுத்த மழையில் இரண்டு பங்காகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே வேர்த்தண்டோடு எடுக்க வேண்டும். கரையிலும் சாலை ஓரத்திலும் பொக்லைன் வைத்துப் பிடுங்கினால் குழியை அன்றே சரள்மண் போட்டு இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் ஓரம் சரியும். அந்த இடத்தைச் சும்மா விட்டாலும் கருவேலமே திரும்ப வரும். கிளுவை நல்ல மாற்று. கட்டைவிரலுக்கு மேல் பருமனான போத்துகளை நான்கடி நீளத்தில் வெட்டி, மழை தொடங்கும் நேரத்தில் ஓரடிக்கு ஒன்றாக, ஓரடி ஆழத்தில் ஊன்றினால் உயிர்வேலி ஆகிவிடும். இடையில் நொச்சி, ஆடாதொடை வைக்கலாம். இரண்டையும் ஆடு சீண்டாது. வளைவின் உள்பக்கம் எதை வைத்தாலும் இடுப்புக்கு மேல் வளரவிடக் கூடாது. கண்மாய்க்கரையில் பனை வைப்பவர்கள் வளைவை விட்டு வைத்தால் போதும்.

தாரில் காயும் தானியம்

தை, மாசியில் இதே வழியில் போனால் சாலை பாதிதான் இருக்கும். மீதிப் பாதியில் குதிரைவாலியும் மக்காச்சோளமும் உளுந்தும் கிடக்கும், சுற்றிலும் கல் வரிசை வைத்திருப்பார்கள். விவசாயிக்கு இது ஆசையில்லை, களம் இல்லாத குறை. பழைய களத்துமேடுகள் பல ஊர்களில் வீடாகிவிட்டன. ஆனாலும் இருட்டிய பிறகு அந்தக் கல்லில் மோதி விழுபவரும் பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயிதான். தாளைப் பரப்பி வண்டி ஏற்றிக் கதிரடிக்கும்போது, காரின் அடியில் தாள் சுற்றிச் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பொதுவழியை இப்படி அடைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம்.

அபராதத்தை விட விலையில் போவது அதிகம். சக்கரம் ஏறிய உளுந்து உடையும். தாரின் பொடிக்கல் கலந்த குதிரைவாலியை வியாபாரி கையில் அள்ளிப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார். விதைக்கு வைப்பது என்றால் தார் பக்கமே போகக் கூடாது. வெயிலில் தார் 40 டிகிரிக்கு மேல் எளிதாகச் சூடேறும், முளைப்புத்திறன் விழுந்துவிடும். மக்காச்சோளத்தை 12 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைக்க வேண்டும். இரவில் பனி விழும் சாலையில் குவித்து மூடாமல் விட்டால் காய்ந்தது மறுபடி ஈரமாகிப் பூசணம் பிடிக்கும்.

நூறுநாள் வேலைத் திட்டத்தில் பல ஊராட்சிகளில் சிமென்ட் உலர்களம் கட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் ஊருக்கு வெகுதூரத்தில் கட்டியதால் அதில் தானியத்துக்குப் பதில் ஆடு படுத்திருக்கிறது. களம் எங்கே வர வேண்டும் என்பதை அறுவடை செய்கிறவர்கள் சொன்னால்தான் உருப்படும். களம் வரும்வரை தார்ப்பாய் போட்டு வயலிலேயே காயவைப்பது ஒரு வழி. மானியத்தில் தார்ப்பாய் வந்திருக்கிறதா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தார் முடியும் இடத்தில்

இந்தப் பயணத்தின் கடைசிப் பகுதிக்குக் கார் போகாது. தார்ச்சாலையிலிருந்து வயலுக்குப் பிரியும் வண்டிப்பாதைதான் அது. மாட்டுவண்டி நின்றதும் பாதை யாருக்கும் வேண்டாததானது. இருபுறமும் வரப்பை ஒரு முழம், இரு முழம் என்று தள்ளினார்கள். இப்போது கதிர் அறுக்கும் இயந்திரம் வேண்டும், உள்ளே போக வழியில்லை. ஆள் கிடைக்காமல், இயந்திரமும் நுழையாமல், முற்றிய கதிர் வயலிலேயே கொட்டுகிறது.

சண்டைக்குப் போகும் முன் எஃப்.எம்.பி. என்று சொல்லும் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பாதை புறம்போக்கு என்று பதிவு இருந்தால் அது அரசு நிலம். அளந்து காட்டவும் ஆக்கிரமிப்பை எடுக்கவும் வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பதிவில் இல்லாமல், அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியாகப் போய் வந்த பாதை என்றால் விஷயம் வேறு. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தியிருந்தால் வழியுரிமை கேட்க முடியும், ஆனால் அதை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும். வழக்கு முடிவதற்குள் பல மகசூல் போய்விடும். இருபுறத்தாரும் ஆளுக்கு ஐந்தடி விட்டு எழுதிப் பதிவு செய்துகொள்வது மலிவு.

திருச்சுழியை நெருங்கும்போது குண்டாறு வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடக்கும் ஆறு. கார்த்திகையில் தண்ணீர் வந்தால் அதிலும், கண்மாய்க் கலுங்குகளுக்குக் கீழேயும் உள்ள தரைப்பாலங்கள் முதலில் மூழ்கும். முழங்காலளவு ஓடும் நீரில் பைக்கை இறக்குவது உயிரோடு விளையாடுவது. பாலத்தின் இரு ஓரத்திலும் வெள்ளைக் கல் நட்டு, நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் வரைந்தால் அந்நியருக்கும் தெரியும். ஊராட்சியே செய்யக்கூடிய செலவுதான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அதற்கு முந்தைய வாரம் இரண்டு பேர் சைக்கிளில் போய், எந்த வளைவில் எந்த மரம் மறைக்கிறது, எங்கே ஓரம் உடைந்திருக்கிறது, களத்துக்கு எந்தப் புறம்போக்கு தோதாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வந்தால், தீர்மானத்தில் இடத்தோடு பதிவு செய்யலாம். கண்மாய்க்கரைச் சாலை என்றால் கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கிறதா, ஒன்றியத்திடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கரையில் நிற்கும் மரத்தை எடுக்க அவர்கள் அனுமதி தேவைப்படும்.