தொட்டி தொய்வது ஏன்?

அமெரிக்காவில் மோட்டார் காருக்குப் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் ‘டிரெய்லர்’ வீடுகள் உண்டு. அவற்றின் கழிப்பறைக் கழிவு, தரைக்கு அடியில் இரும்புச் சட்டத்தினிடையே தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியில் சேர்கிறது. சில ஆண்டுகளில் அத்தொட்டியின் வயிறு தொய்ந்துவிடுவதுண்டு. அங்கு வாழும் என் தமையனார், “விரிசல் ஏதுமில்லையே, பின் ஏன் தொய்கிறது?” என்று எனக்கு எழுதிக் கேட்டார். நான் பயிலும் பாலிமர் இயலில் இதற்கு விடை உண்டு. அன்பர்களுக்கும் அது பயன்படும்.

முதற்காரணம் எடை. 100 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 150 லிட்டர் கொள்ளும். எனவே நிறைந்தால் ஏறத்தாழ 150 கிலோ! வண்டி குலுங்கும்போது விசை இன்னும் மிகும்.

இரண்டாவது காரணம் காலம். ஒரே நாளில் முறிக்க முடியாத பாரமும், நெடுநாள் நீடித்தால் பாலிஎதிலீனை வளைத்துவிடும். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று உரசி மெல்ல நகர்கின்றன. இதனை ‘ஊர்வு’ எனலாம். வெயில் ஏற ஏற ஊர்வும் விரையும். நம் விடுதியில் புத்தகப் பலகை வளைந்து, புத்தகங்களை எடுத்த பின்னும் முழுதும் நிமிராதிருப்பதும் இத்தகையதே.

தொய்ந்த தொட்டியில் சரிவு கெட்டுக் கசடு தங்கும். குழாய் இணைப்பு இழுபட்டு ஒழுகும். தொட்டியே சாலையில் விழுந்தால், பின்னால் வருவோரின் உயிருக்கே ஆபத்து.

செப்பனிடும் முறை இது. கழிவை அதற்குரிய இடத்தில் வெளியேற்றித் தொட்டியை நன்கு அலச வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சட்டத்தை உறுதியான தாங்கிகள்மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் படுக்கலாகாது. பிறகு அகன்ற பலகையொன்றை இடையில் வைத்து, குழாய் இணைப்பைக் கவனித்தபடி, தொட்டியைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும்.

இனித் தாங்குவது எதனால்? 2.5 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டைக் குறுக்கே கட்டினால், தொடும் பரப்பு 300 சதுர செ.மீ. மட்டுமே, சதுர செ.மீட்டருக்கு அரை கிலோ அழுத்தம். அடிப்பரப்பு முழுவதும், அதாவது 6,000 சதுர செ.மீ. தாங்கப்பட்டால் அழுத்தம் இருபதில் ஒரு பங்காகும். ஆகவே, சட்டத்தின் இருபுறத்தையும் இணைத்து ஆங்கிள் இரும்புகளைப் போல்ட்டு நட்டால் பூட்டி, அவற்றின்மேல் தகடும், தகட்டின்மேல் ரப்பரும் இடுவதே தக்கது. தொட்டியருகே வெல்டிங் கூடாது. கழிவிலிருந்து எழும் மீத்தேன் தீப்பற்றும், பிளாஸ்டிக்கும் உருகும்.

முடிவில் நல்ல நீரை நிரப்பித் தரைக்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளியை அளந்து, மறுநாளும் அளக்க வேண்டும். அளவு குறையாதிருந்தால் பயணம் புறப்படலாம். ஆயினும் நெடும்பயணத்துக்கு முன் தொட்டியைக் காலி செய்வதே நன்று. ஊர்வை அறவே தடுக்க இயலாது. பாரத்தைக் குறைத்தும் பரப்பியும் அதனை மட்டுப்படுத்தலாம். புத்தகப் பலகை வளைந்திருக்கும் நண்பர்கள் இன்றே அதன் நடுவில் ஒரு முட்டுக் கொடுப்பார்களாக!