செவ்வாய்ப் பயணம்: செல்லலும் மீளலும்

மனிதன் செவ்வாய்க் கோளுக்குச் சென்றுவர இன்றைய தொழில்நுட்பம் போதுமா? மாணவர் பலர் எழுப்பும் இவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. பயணத்தைச் செல்லுதல், இறங்குதல், வாழ்தல், மீளுதல் என நான்காகப் பகுத்து நோக்கின் உண்மை புலப்படும்.

செல்லுதலில் ஐயமில்லை. 2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அப்பணியை வழிநடத்தியோருள் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பகுதியிலுள்ள கோதவாடியில் பிறந்தவர் என்பது கொங்கு மண்ணுக்குப் பெருமை. ஆயினும் மங்கள்யான் உண்ணவில்லை, உறங்கவில்லை, மூச்சுவிடவில்லை, திரும்பி வரவும் இல்லை. மனிதனை அனுப்பினால் இந்நான்கும் வேண்டும்.

இறங்குதல் கடினம். செவ்வாயின் வளிமண்டலம் புவியினதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது. பாய்ந்து வரும் கலத்தைச் சுடுவதற்கு அது போதும். வான்குடையால் மட்டும் மெல்ல இறக்குவதற்குப் போதாது. 2021இல் அங்கு இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் எடை ஏறத்தாழ ஒரு டன். மனிதர் செல்லும் கலமோ இருபது டன்னுக்குக் குறையாது என்பர் அறிஞர்.

வாழ்தல் அதனினும் கடினம். இரு கோள்களும் பயணத்திற்கு ஏற்ற நிலையில் அமைவது 26 மாதங்களுக்கு ஒருமுறையே. ஆதலின் போய்வர ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஆகும். ரஷ்யாவின் வலேரி பொலியாகோவ் 1994-95இல் மிர் நிலையத்தில் 437 நாட்கள் தொடர்ந்து தங்கினார் எனினும், அவருக்கு உணவும் பொருளும் புவியிலிருந்து சென்றன. வேண்டின் சில மணி நேரத்தில் இறங்கி வரவும் இயன்றது. செவ்வாயில் அவ்வசதி இல்லை. அங்கிருந்து ஒரு சொல் இங்கு வந்தடையவே 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். வழியெங்கும் அண்டக் கதிர்வீச்சும் உடலைத் தாக்கும்.

மீளுதலே யாவற்றினும் அரிது. செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரிக்க இயலும் என்பதை மாக்சி என்னும் கருவி மெய்ப்பித்தது. 2021 முதல் 2023 வரை அது ஆக்கியது மொத்தம் 122 கிராம். நால்வரை அங்கிருந்து மேலேற்றும் ராக்கெட்டுக்கோ ஏறத்தாழ 25 டன் ஆக்சிஜன் வேண்டும்!

மீளா வழியாகவேனும் மனிதரை அனுப்புவோம் என 2012இல் அறிவித்த ‘மார்ஸ் ஒன்’ என்னும் டச்சு நிறுவனம், 2019இல் நொடித்துப் போயிற்று. அது வென்றிருப்பினும் நாம் ஏற்றிரோம். உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மீளும் வழி காணாது அதனை அனுப்புதல் துணிவாகாது.

ஆகவே, கூறுகள் பல கைவந்துள்ளன. அவற்றை இணைத்த முழுமை இன்னும் கைவரவில்லை என்பதே நம் முடிவு. இது சோர்வுக்குரியதன்று. எஞ்சிய பணி யாருக்கு? கோதவாடி போன்ற சிற்றூர்களிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் இளையோர்க்கே. அறிவைத் தேடுதலைக் கடமையெனக் கொண்ட சமுதாயம் நம்முடையது. மாணவச் செல்வங்கள் அக்கடமையை ஏற்பாராக! வல்ல இறைவன் துணை நிற்பானாக!