கார்த்திகை எவ்வளவு தூரம்? உங்கள் கம்ப்யூட்டரிலேயே அளக்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் என்னென்ன செய்கிறீர்கள்? பாட்டு கேட்பீர்கள், படம் பார்ப்பீர்கள், கடிதம் டைப் செய்வீர்கள். இந்த மாதம் அதற்கு ஒரு புது வேலை கொடுத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நீங்களே கணக்கிடப் போகிறீர்கள். டெலஸ்கோப் தேவையில்லை. இன்டர்நெட் இணைப்பும், எக்ஸெல் போன்ற ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமும் போதும்.

நாம் அளக்கப் போவது கார்த்திகை. அறுமீன் என்றும் சொல்வார்கள். வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரங்கள் தெரிந்தாலும், அந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் இருக்கின்றன.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை விட்ட இரவுகளில் கார்த்திகை அங்கே பளிச்சென்று தெரியும். ஆனால் அது இரவு முழுவதும் வானில் இருக்கும் கார்த்திகை மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வருகிறது. மலையை மேகம் மூடிக் கொள்ளும். மேகம் விலகினாலும் தீபத்தன்று முழு நிலா அதன் அருகிலேயே நின்று கொண்டு வெளிச்சத்தைக் கொட்டும். விண்வெளியில் இருக்கும் டெலஸ்கோப்புக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

காவலூர் இருக்க, விண்வெளி எதற்கு?

எங்கள் மலைக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம் கொண்டது. 1986-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய டெலஸ்கோப்பும் காற்றின் வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். காற்று அசைவதால்தான் நட்சத்திரங்கள் மின்னுகின்றன. படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு ஆர்க் செகண்ட் அல்லது அதற்கும் மேல் பரவி விடும். ஒரு டிகிரியை 3,600 பாகமாக்கினால் அதில் ஒரு பாகம்தான் ஆர்க் செகண்ட். நாம் அளக்க வேண்டிய கோணமோ அதைவிடப் பல மடங்கு சிறியது.

அது என்ன கோணம்? கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரை ஒட்டி விரல் இடம் மாறுவது போலத் தெரியும். விரல் அருகில் இருந்தால் அதிகம் நகரும், தூரத்தில் இருந்தால் குறைவாக நகரும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது நமக்கும் இப்படி இரண்டு 'கண்கள்' கிடைக்கின்றன. இந்த இட மாற்றத்தில் பாதியைத்தான் பாரலாக்ஸ் என்கிறார்கள். தமிழில் இடமாறு தோற்றம்.

கார்த்திகைக்கு இது ஒரு ஆர்க் செகண்டில் ஆயிரத்தில் ஏழு பங்கு அளவுதான். இரண்டரை சென்டிமீட்டர் அகல நாணயம் ஒன்றைச் சுமார் 700 கி.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் ஏறத்தாழ அத்தனை தூரம்!

விஞ்ஞானிகளையே குழப்பிய கணக்கு

இந்தக் கோணத்தை விண்வெளியிலிருந்து முதலில் அளந்தது ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989-ல் அனுப்பிய ஹிப்பார்கோஸ். அதன் பட்டியல் 1997-ல் வெளியானது. கார்த்திகையின் தூரம் சுமார் 390 ஒளியாண்டு என்று அதிலிருந்து கிடைத்தது. மற்ற முறைகளில் கணக்கிட்டவர்களுக்குச் சுமார் 440 ஒளியாண்டு வந்தது.

ஐம்பது ஒளியாண்டு வித்தியாசத்தில் என்ன வந்து விடப் போகிறது என்று நினைக்காதீர்கள். 390 சரி என்றால், இந்த நட்சத்திரங்களின் உண்மையான பிரகாசம் நினைத்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் இளம் நட்சத்திரங்கள் எப்படி எரிகின்றன என்ற கணக்கையே திருத்தி எழுத வேண்டும். அருகிலுள்ள நட்சத்திரங்களின் தூரத்தை வைத்துத்தான் தொலைவில் உள்ளவற்றையும், பிறகு மற்ற கேலக்ஸிகளையும் படிப்படியாக அளக்கிறார்கள். கீழ்ப் படி ஆடினால் மேல் படி நிற்குமா?

ஹப்பிள் டெலஸ்கோப்பைக் கொண்டு அளந்தார்கள். ரேடியோ டெலஸ்கோப்புகளை இணைத்து 2014-லும் அளந்தார்கள். இரண்டுமே 440 பக்கம் சாய்ந்தன. பிறகு 2013 டிசம்பர் 19-ல் ஏவப்பட்ட கையா விண்கலத்தின் தகவல்கள் வெளிவந்தன. அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம். 2022 ஜூன் 13-ல் வெளியான மூன்றாவது தொகுப்பில் சுமார் 180 கோடி நட்சத்திரங்கள் உள்ளன. யார் சொன்னது சரி என்பதை நீங்களே சரி பார்க்கலாம்.

இனி வேலையைத் தொடங்குவோம்

1. தேடு பொறியில் 'கையா ஆர்க்கைவ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் தளத்தைத் திறக்கவும். 'சர்ச்' பகுதிக்குச் செல்லவும்.

2. பெயர் கேட்கும் கட்டத்தில் எம் 45 என்று ஆங்கில எழுத்தில் கொடுக்கவும். இது கார்த்திகையின் பட்டியல் எண். சுற்றளவு ஆரம் 1 டிகிரி. தொகுப்பில் டி.ஆர். 3 என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. கூடுதல் நிபந்தனையாக, ஜி பிரகாச எண் 15-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று கொடுக்கவும். எண் சிறியதாக இருந்தால் நட்சத்திரம் பிரகாசமானது என்று பொருள். எத்தனை வரிசைகள் வேண்டும் என்ற எண்ணையும் கூட்டிக் கொள்ளவும்.

4. காட்ட வேண்டிய காலங்களில் பாரலாக்ஸ், பி.எம்.ஆர்.ஏ., பி.எம்.டெக் மூன்றுக்கும் டிக் செய்யவும். பின்னிரண்டும் நட்சத்திரம் ஆண்டுதோறும் வானில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்பதைச் சொல்பவை.

5. விடை வந்ததும் சி.எஸ்.வி. வடிவில் டவுன்லோட் செய்யவும். சிறிய பைல்தான். சுருக்கப்பட்ட பைலாக வந்தால் 7-ஜிப் கொண்டு விரித்துக் கொள்ளலாம்.

எக்ஸெலில் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. நட்சத்திரத்தின் அடையாள எண் 15 இலக்கத்துக்கும் நீளமானது. எக்ஸெல் அவ்வளவு இலக்கத்தைக் காப்பாற்றாது, கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கி விடும். எனவே ஒரிஜினல் பைலின் மேல் சேவ் செய்யாமல் வேறு பெயரில் சேவ் செய்யுங்கள்.

உறவினர் யார், வழிப்போக்கர் யார்?

பிளஸ் டூ படிக்கும் என் சித்தப்பா மகனிடம் இந்தப் பைலைக் கொடுத்தேன். எல்லா வரிசைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டான். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு வந்தது. "என்னண்ணா, உங்க விண்கலமே தப்பா சொல்லுது!" என்று சிரித்தான்.

விண்கலம் தப்பாகச் சொல்லவில்லை. அதே திசையில், வெகு தொலைவில் இருக்கும் நட்சத்திரங்களும் பட்டியலில் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்க வழி உண்டு. பி.எம்.ஆர்.ஏ., பி.எம்.டெக் இரண்டையும் செலக்ட் செய்து ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள். பெரும்பாலான புள்ளிகள் பூஜ்யத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். அவற்றிலிருந்து விலகி, 20-க்கும் மைனஸ் 45-க்கும் அருகில் ஒரு புள்ளிக் கூட்டம் தனியாக நிற்கும். ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரே குடும்பத்தார் கைகோத்து நடப்பது போல, ஒன்றாகப் பிறந்த நட்சத்திரங்கள் ஒரே பக்கம் நகர்கின்றன. அதுதான் கார்த்திகை.

பி.எம்.ஆர்.ஏ. 17 முதல் 23 வரை, பி.எம்.டெக் மைனஸ் 48 முதல் மைனஸ் 42 வரை என்று பில்டர் செய்து, அந்த வரிசைகளை மட்டும் புது ஷீட்டில் காப்பி செய்யுங்கள். பாரலாக்ஸ் காலத்துக்கு மீடியன் பார்முலா கொடுங்கள். ஒன்றிரண்டு வழிப்போக்கர்கள் உள்ளே நுழைந்திருந்தாலும் மீடியன் அதிகம் அசையாது. கடைசியாக 3,262-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒளியாண்டில் தூரம் கிடைத்து விடும்.

எங்களுக்கு 7.4-ஐ ஒட்டி வந்தது. 3,262-ஐ 7.4-ஆல் வகுத்தால் சுமார் 440. சித்தப்பா மகன் அந்தச் செல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, பைலைத் தன் பெயரில் சேவ் செய்து கொண்டான். இன்று நாம் பார்க்கும் கார்த்திகையின் ஒளி, மனிதன் டெலஸ்கோப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டு விட்டது!

அடுத்து என்ன?

எரிபொருள் தீர்ந்ததால் கையா 2025 ஜனவரி 15-ல் ஆய்வை நிறுத்திக் கொண்டது. மார்ச் 27-ல் அணைக்கப்பட்டது. நாம் பயன்படுத்திய தொகுப்பு அதன் முதல் 34 மாத அளவீடுகள் மட்டுமே. அது பத்து ஆண்டுகளுக்கு மேல் அளந்திருக்கிறது.

நம் நாட்டின் அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் தகவல்களும் 2018 முதல் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டுள்ளன. 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸியின் புற ஊதாக் கதிரை அது பிடித்ததாகப் புனேயின் அயூக்கா நிறுவனத்தினர் தலைமையிலான குழு 2020-ல் அறிவித்தது. அந்தத் தகவல்களைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும். முதலில் எக்ஸெலில் கை பழகட்டும்.

கார்த்திகையை முடித்தவர்கள் அதே ரிஷப ராசியில், ரோகிணியைச் சுற்றியிருக்கும் ஹையடீஸ் கூட்டத்தையும் அளந்து பாருங்கள். அது சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. வானில் பரந்து கிடப்பதால் ஆரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் ரோகிணி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, நமக்கு இன்னும் அருகில், சுமார் 65 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் வழிப்போக்கர். வழிப்போக்கரைப் பிரிப்பது எப்படி என்றுதான் இப்போது உங்களுக்குத் தெரியுமே!