தரவு கசிந்தால் யாரிடம் முறையிடுவது?

எங்கள் பள்ளியில் மேல்நிலை முடித்து, சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவியின் தந்தை என்னை அழைத்தார். "சார், பாப்பாவோட பதிவெண், மார்க், என் பேரு எல்லாம் சரியாச் சொன்னாங்க. உதவித்தொகைன்னு நம்பி ஓ.டி.பி.யைச் சொல்லிட்டேன்." கணக்கில் இருந்த 18,000 ரூபாய் போய்விட்டது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தரவு கசிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த விண்ணப்பத்தைப் பள்ளிக் கணினியில் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான்.

முதல் வேலை, 1930 என்ற எண்ணை அழைப்பது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. அவர் மறுநாள்தான் அழைத்தார்; பணம் மீளவில்லை. வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. இது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி.

சரி, தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்தின் மீது என்ன செய்யலாம்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்று பலரும் கேள்விப்பட்டிருப்போம். அந்தத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. கசிவை ஒவ்வொருவருக்கும் நிறுவனமே தெரிவிக்க வேண்டும் என்பதும், தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடலாம் என்பதும் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் இவை 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன.

இழப்பீடு கேட்க இப்போதுள்ள வழி, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பளிக்கும் அலுவலர். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். இணைய மோசடியில் பணம் இழந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தருமாறு 2010-இல் ஒரு வங்கிக்கு உத்தரவிட்டவர் நம் மாநிலத்தின் அலுவலர்தான். ஆனால் 43ஏ பிரிவில் இரண்டு முட்டுக்கட்டைகள். கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு, கைரேகை போன்றவையே அதற்குள் வரும். பெயரும் மதிப்பெண்ணும் வாரா. தவிர, அது நிறுமங்களுக்கும் தொழில் நடத்தும் அமைப்புகளுக்கும் உரியது. அரசுப் பல்கலைக்கழகத்தை அதில் சேர்ப்பது கடினம். புதிய சட்டம் முழுமையாக வரும்போது இந்தப் பிரிவும் நீங்கிவிடும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்துள்ளனர். செலவை எண்ணித் தயங்க வேண்டாம். பெண்கள், 18 வயதுக்குட்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

எதற்கும் சான்று வேண்டும். வந்த அழைப்பின் எண், நேரம், விண்ணப்ப நகல், காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். எந்தெந்த விவரங்கள் கசிந்தன, கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்புக்கு அறிக்கை போனதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தந்தையும் நானும் அந்த மனுவைத்தான் முதலில் எழுதினோம்.