உஷார்! உங்கள் மாணிக்கத்துக்குள் கண்ணாடி இருக்கலாம்

மோதிரம் விரலில் இறுகுகிறது, கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள் என்று மாணிக்கக்கல் மோதிரத்தைப் பட்டறையில் நீட்டப் போகிறீர்களா? ஒரு நிமிடம் பொறுங்கள். அது கண்ணாடி நிரப்பிய கல்லாக இருந்தால், நெருப்பு பட்ட சற்று நேரத்தில் அதன் கதை முடிந்துவிடும். நிறம் செத்துவிடும், உள்ளே ஒளிந்திருந்த விரிசல்கள் வெள்ளை வெள்ளையாக மேலே வரும், சில கற்கள் துண்டாகவே போய்விடும். அதன்பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த ஆசாரியாலும் முடியாது.

சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்று தலையில் கட்டுவது பழங்காலத்து ஏமாற்று. பழகிய கண் அதைப் பிடித்துவிடும். கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் அப்படிச் சிக்காது, ஏனென்றால் அதில் நிஜ மாணிக்கமும் இருக்கிறது. பூமியிலிருந்து எடுத்த குருந்தக் கல்தான். ஆனால் நகைக்கு ஆகாத தரம்: உடல் முழுக்க விரிசல், பால் கலந்தது போன்ற மங்கல். அதை அமிலத்தில் போட்டு விரிசல்களில் அடைந்திருக்கும் அழுக்கைக் கரைத்து எடுக்கிறார்கள். பிறகு ஈயம் கலந்த கண்ணாடிப் பொடியோடு சேர்த்து 900 டிகிரி செல்சியஸ் அளவில் உலையில் வைக்கிறார்கள். கண்ணாடி உருகி விரிசல்களுக்குள் ஓடி உறைகிறது. ஈயம் ஏன் என்றால், ஈயம் சேர்ந்த கண்ணாடி ஒளியை ஏறக்குறைய மாணிக்கம் வளைக்கும் அளவுக்கே வளைக்கும். அதனால் கல் எது, கண்ணாடி எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. மங்கலான கூழாங்கல் உள்ளே போகிறது, பளிச்சென்ற சிவப்பு ரத்தினம் வெளியே வருகிறது.

2004 வாக்கில் இந்தக் கற்கள் உலகச் சந்தைக்குள் பெருமளவில் வந்தன. மடகாஸ்கரின் ஆண்டிலமேனா பகுதியில் கிடைத்த மலிவான குருந்தம் தாய்லாந்து உலைகளுக்குப் போய் இப்படி உருமாறியது. ஜப்பானியச் சோதனைக்கூடம் ஒன்று அந்த ஆண்டே எச்சரித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் ஊர் ராசிக்கல் கடைகளில் இந்தப் பேச்சே எழாதது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. கண்ணாடி நிரப்பிய கல்லை அப்படியே சொல்லி, அதற்குரிய சொற்ப விலைக்கு விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. "ஒரிஜினல் பர்மா ரூபி" என்று சொல்லி, ஒரு குடும்பத்தின் சேமிப்பை வாங்கிக்கொண்டு விற்பதுதான் குற்றம்.

இந்த ஏமாற்று மாணிக்கத்தில் ஏன் இவ்வளவு சுலபமாகப் பலிக்கிறது? கல்லின் பிறப்பிலேயே அதற்கு விடை இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்தான், குருந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். சுத்தமாக இருந்தால் நிறமே இருக்காது. அதில் துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். அலுமினியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் பூமியில் பஞ்சமில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் சிலிக்கா தாராளமாக இருந்தால் அலுமினியம் அதனோடு சேர்ந்து வேறு கனிமமாகிவிடும். அலுமினியம் மிகுந்த பாறையில் குரோமியம் கிடைப்பதும் அபூர்வம். இரும்பு அதிகமானால் சிவப்பு கறுத்துவிடும். பர்மாவின் மோகோக் பள்ளத்தாக்கில் பளிங்குப் பாறைக்குள் இந்தக் கல் உருவானது, அந்தப் பாறையில் இரும்பு குறைவு. அதனால்தான் அந்த ஊர்க் கல் கனன்று எரிவதுபோல் தெரிகிறது.

சிவப்பைக் கொடுக்கும் அதே குரோமியம் படிகத்தின் கட்டமைப்பைச் சற்றே கலைத்தும் விடுகிறது. கீற்றும் விரிசலும் இல்லாத பெரிய மாணிக்கம் கிடைப்பது அரிதாக இருப்பது இதனால்தான். மொசாம்பிக்கில் கிடைத்த 55.22 காரட் மாணிக்கம் ஒன்று 2023 ஜூன் மாதம் நியூயார்க் ஏலத்தில் சுமார் 3 கோடியே 48 லட்சம் டாலருக்குப் போனது. காரட் என்பது 200 மில்லிகிராம். ஆக அந்தக் கல் 11 கிராம் சொச்சம். சுத்தமான கல்லுக்கு அவ்வளவு விலை, விரிசல் கல்லுக்கு மதிப்பே இல்லை என்றால், விரிசலை மறைப்பவனுக்கு எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம் என்று ஊரில் சொல்லும் சோதனைகளை நம்பி ஏமாறாதீர்கள். கண்ணாடியில் கீறிப் பார் என்பார்கள். மோவின் கடினத்தன்மை அளவில் குருந்தம் 9, வைரம் 10. கண்ணாடி நிரப்பிய கல்லின் மேற்பரப்பிலும் குருந்தம் இருப்பதால் அது தாராளமாகக் கீறும். எடை பார் என்பார்கள். ஈயக் கண்ணாடியும் கனமானதுதான், கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாலில் போட்டால் பால் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. நல்ல சிவப்புக் கண்ணாடியும் வெளிச்சத்தில் அந்த வேலையைச் செய்யும். புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்ந்தால் அசல் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஒளிர்வது குரோமியம். உலையில் செயற்கையாக வளர்த்த மாணிக்கத்திலும் குரோமியம் உண்டு, அது இயற்கைக் கல்லைவிடப் பிரகாசமாகவே ஒளிரும்.

எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். கை வீங்கி மோதிரம் இறுகிவிட்டது, சீமந்தத்துக்குள் தளர்த்தித் தர வேண்டும். "கல்லு அசல்தானேம்மா?" என்று ஆசாரி கேட்டார். "அப்பா வாங்கினது அண்ணே, பில்லே இருக்கு" என்றார் அந்தப் பெண். அசல் மாணிக்கம் பெரும்பாலும் பட்டறைச் சூட்டைத் தாங்கும். குருந்தம் உருகவே 2,050 டிகிரி வேண்டும். அந்த நம்பிக்கையில் கல்லின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, மோதிரத்தின் அடியை வெட்டி, துண்டு சேர்த்து, பொடி வைத்துப் பற்றவைத்தார். ஆறியதும் கறுப்புப் போக நீர்த்த திராவகத்தில் போட்டு எடுத்தார். கழுவித் துடைத்துப் பார்த்தபோது கல்லின் முகத்தில் சிலந்தி வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் நகக்கண் அளவு பள்ளம். "நான் கொடுக்கும்போது இப்படி இல்லையே அண்ணே. கல்லை மாத்திட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பல வருடங்களாக அந்தத் தெருவில் வேலை செய்கிறவர். பதில் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. கல்லை விற்றவர் அங்கே இல்லை.

இந்த ஏமாற்றின் கொடுமையே இதுதான். விற்கும்போது எதுவும் வெளியில் தெரியாது. வருடங்கள் கழித்து வேறொருவர் கையில் கல் சாகும், பழியும் அவர் மேல் விழும். ஆசாரிகளுக்கும் இதையே சொல்கிறேன்: சிவப்புக் கல் எது வந்தாலும், சோதனைச் சீட்டு இல்லையென்றால் கல்லைக் கழற்றாமல் நெருப்பைக் காட்டாதீர்கள். வாடிக்கையாளர் முன்னாலேயே லென்ஸில் பார்த்து, பார்த்ததைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் சந்தேகப்படும் அளவுக்காவது பார்க்கலாம். வெளிச்சத்துக்குக் கீழே கல்லை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். விரிசல் ஓடும் இடத்தில் நீலமோ ஊதாவோ மின்னி மறைந்தால் அது கண்ணாடியின் வேலை. உருண்டையாகவோ நசுங்கியோ காற்றுக் குமிழிகள் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். மேற்பரப்பில் பளபளப்பு ஒரே சீராக இல்லாமல், மெல்லிய கோடுகளாக மங்கித் தெரிவது மூன்றாவது அடையாளம். மூன்றும் இல்லாததால் கல் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சந்தேகத்தைக் கிளப்ப மட்டுமே லென்ஸ், தீர்ப்புச் சொல்ல அல்ல.

நெருப்பு மட்டும் எதிரி இல்லை. ஈயக் கண்ணாடியை அமிலம் அரிக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஊறியே இந்தக் கற்கள் கெட்டுப்போனதைச் சோதனைக்கூடங்கள் பதிவு செய்திருக்கின்றன. பித்தளைப் பாத்திரத்தோடு சேர்த்துப் புளி போட்டு மோதிரத்தையும் தேய்க்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விடுங்கள். கழிப்பறை சுத்தம் செய்யும் திரவம், அடைப்பு நீக்கும் காரம், கடைகளில் நகை கழுவ வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி, மூன்றும் ஆகாது. சமைக்கும்போதும் ஊறுகாய் போடும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பூஜை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ராசிக்கல் மோதிரத்தை அணிவதற்கு முன் பாலிலோ தேனிலோ பஞ்சாமிர்தத்திலோ போட்டுச் சுத்தி செய்வது பல வீடுகளில் வழக்கம். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காத சிவப்புக் கல் கிடந்த பாலையோ தயிரையோ தீர்த்தம் என்று யாரும் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. உள்ளே இருப்பது ஈயம், புளிப்பு பட்டால் கரைகிற கண்ணாடியில் இருக்கும் ஈயம். கல் ஊறிய தண்ணீரைக் காலையில் குடிக்கச் சொல்லும் ஆலோசனை யாரிடமிருந்து வந்தாலும் கேட்காதீர்கள்.

பாட்டி காலத்து அட்டிகையில் உள்ள கெம்பு என்றால் கவலையே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய், தூளை நெருப்புக்குள் கொட்டி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் செயற்கை மாணிக்கம் மலிவாகி, உலகம் முழுவதும் நகைகளில் ஏறியது. அது கண்ணாடி அல்ல, அசல் குருந்தமேதான். பிறந்த இடம் மட்டும் உலை. 1960இல் மைமன் உருவாக்கிய உலகின் முதல் லேசரின் இதயமும் செயற்கை மாணிக்கத் தண்டுதான். கைக்கடிகாரத்துக்குள் தேயாமல் சுழல உதவும் சிவப்புக் கற்களும், கீறல் விழாத விலையுயர்ந்த கடிகார முகப்பும் இதே குடும்பம். நெருப்பில் வளர்த்த கல்லை லென்ஸில் பார்த்தால் வளைந்த கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். அடிப்பக்கம் மூடி, தகடும் அரக்கும் வைத்துப் பதித்த பழைய நகைகளில் இதைப் பார்ப்பதும் கஷ்டம். பாட்டியின் நகைக்கு வேறு மதிப்பு உண்டு, அது இருக்கட்டும். விற்கவோ அடகு வைக்கவோ போகும்போது மட்டும் மாணிக்க விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நீலக்கல் வாங்குவோரும் உஷார். கோபால்ட் சேர்த்து நீலமாக்கிய ஈயக் கண்ணாடியை நிரப்பிய கற்கள் 2012 முதல் சோதனைக்கூடங்களுக்கு வர ஆரம்பித்துவிட்டன. மேல்தோலில் மட்டும் நிறம் ஏற்றிய நீலமும் உண்டு, மறுபடி பட்டை தீட்டினால் வெளுத்துவிடும். சனிக்குப் பயந்து தலையணைக்கடியில் நீலத்தை வைத்துப் பார்ப்பவர்கள், அதற்கு முன்னால் ஒருமுறை சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

சூடேற்றுவது வேறு விஷயம், கண்ணாடி நிரப்புவதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எதையும் நிரப்பாமல் சூடு மட்டும் கொடுத்து நிறத்தைத் தெளியவைப்பது உலகம் ஏற்றுக்கொண்ட பழக்கம். இலங்கையில் கெவுடா என்று ஒதுக்கிய பால் நிறக் கற்களைத் தாய்லாந்து வியாபாரிகள் 1970களில் வாங்கிக்கொண்டுபோய்ச் சூடேற்றி அருமையான நீலமாக்கினார்கள். அந்தக் கல் உறுதியானது, காலத்துக்கும் நிற்கும். சூடேற்றியது என்று சொல்லி விற்றால் போதும். சூடேற்றாத கல்லுக்கு விலை பல மடங்கு என்பதால் இதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இதில் கண்ணாடி நிரப்பியிருக்கிறதா? இல்லை என்றால் பில்லில் எழுதிக் கொடுங்கள்." நேர்மையான கடைக்காரர் எழுதுவார். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். தங்கத்தில் இருக்கும் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே பொறுப்பு, கல்லுக்கு அல்ல. அதைக் காட்டி "எல்லாம் கேரண்டி" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். சீட்டோடு கல் தந்தால் நிதானமாகப் படியுங்கள். "நேச்சுரல் ரூபி" என்ற இரண்டு சொல் போதாது, கண்ணாடி நிரப்பிய கல்லுக்கும் அப்படி அச்சடித்துத் தரும் கூடங்கள் உண்டு. டிரீட்மென்ட் என்ற வரி இருக்கிறதா, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காம்போசிட், கிளாஸ் ஃபில்டு, லெட் கிளாஸ் என்று எது இருந்தாலும் அது இந்தக் கல்தான். சீட்டு எண்ணைச் சோதனைக்கூடத்தின் இணையதளத்தில் போட்டு, காரட் எடையும் படமும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் பதற்றம் வேண்டாம். விரலில் சும்மா போட்டிருப்பதால் கல் கெடாது, உடனே கழற்றி எறிய வேண்டியதும் இல்லை. முதலில் பில்லைத் தேடி எடுங்கள். கல்லை நீங்களே ஒரு சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போங்கள், விற்ற கடையின் வழியாக அனுப்பாதீர்கள். முடிவு தப்பாக வந்தால் பில்லையும் சீட்டையும் நகல் எடுத்துக்கொண்டு கடையில் எழுத்துமூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை அந்த மோதிரத்தை எந்தப் பட்டறைக்கும் கொடுக்காதீர்கள், கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கல்லைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு தங்கத்தை மட்டும் கொடுங்கள்.